கறுப்புக்குப் பிறகு வந்த மஞ்சள் விதை

விதை ஆராய்ச்சி நிலையத்தின் மாடியில், படிக்கட்டு முடியும் இடத்துக்கு நேர் எதிரே ஓர் அறை இருக்கிறது. அதன் கதவில் கொட்டை எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும்: "கதவை அடித்துச் சாத்தாதீர்கள். உள்ளே விளக்கு வேலை செய்கிறது." உள்ளே ஆள் வேலை செய்கிறார் என்று எழுத அதை ஒட்டியவருக்குத் தோன்றவில்லை. அதனால்தான் வாசல் காவலாளியிலிருந்து எல்லோரும் அவரை லைட்டக்கா என்று கூப்பிட்டார்கள். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

லைட்டக்காவுக்கு வயது நாற்பதுக்கு மேல். ஆள் குள்ளம், நடையில் மட்டும் புயல். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அறை முழுக்கத் தேடுவார். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஆனால் விதைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அந்தக் கைகள் தூங்கும் குழந்தையின் சட்டையைக் கழற்றுவதுபோல் மெதுவாகிவிடும்.

அவர் பார்த்த விதை கினோவா. கடுகைவிடச் சற்றுப் பெரிது, இரண்டு பக்கமும் தட்டை. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று பல நிறத்தில் வரும். அதற்குள் ஆன்டிஆக்சிடன்ட் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதுதான் அவர் வேலை. அது என்ன என்று யாராவது கேட்டால் லைட்டக்கா ஆப்பிளைத்தான் சொல்வார். வெட்டி வைத்த ஆப்பிள் காற்றுப்பட்டுப் பழுப்பாகிறது இல்லையா? நம் உடம்புக்குள்ளும் அப்படியொரு பழுப்பு நடந்துகொண்டே இருக்கிறது. அதை மெதுவாக்குகிற பொருள்கள் சில விதைகளில் இருக்கின்றன. எந்த விதையில் அதிகம் என்று தெரிந்தால் அதையே விதைத்துப் பெருக்கலாம்.

தெரிந்துகொள்ளப் பழைய வழி ஒன்று உண்டு. விதையை மாவாக அரைத்து, சாரத்தை இறக்கி, ஊதா நிறக் கரைசல் ஒன்றில் விட வேண்டும். கரைசல் எவ்வளவு வெளிறுகிறதோ அவ்வளவு ஆன்டிஆக்சிடன்ட். துல்லியமான வழிதான். ஒரே குறை, அரைத்த விதை முளைக்காது. புதிதாக இனம் கலந்து வளர்த்த செடி முதல் வருடம் தருவதே ஒரு கரண்டி விதை. அதை அரைத்துவிட்டு "அருமையான விதை" என்று சான்றிதழ் கொடுத்து யாருக்கு என்ன பயன்?

இந்தக் கேள்வியை லைட்டக்கா வேறு யாரையும்விட அதிகமாகக் கேட்டுக்கொண்டதற்குக் காரணம், அரைத்தவரே அவர்தான். வேதியியலில் டிப்ளமோ முடித்த கையோடு கல்யாணம். கணவர் வீட்டுக்குச் சலவைக்கடை. பத்து வருடத்துக்கு மேல் நீராவிப் பெட்டியோடு மல்லுக்கட்டிவிட்டு, இதற்கா படித்தோம் என்ற எரிச்சல் தலைக்கேறிய ஒரு நாளில், நிலையத்தில் தற்காலிக வேலைக்கு எழுதிப்போட்டார். கிடைத்தது அரைக்கும் வேலை. காலை முதல் மாலை வரை அரைவை இயந்திரத்தின் முன்னால் நின்று, தும்மித் தும்மி, விதைகளை மாவாக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த ஒளி இயந்திரம் வந்து இறங்கியது. கொண்டுவந்த பொறியாளர் ஒரு மதியம் இருந்து ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். ஆளாளுக்கு வேலை இருந்ததால் அது உறை போர்த்தி மூலையில் கிடந்தது. லைட்டக்கா மட்டும் சாப்பாட்டு நேரத்தில் அதனோடு வந்த தடித்த புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் கரண்டியும் மறு கையில் பென்சிலுமாக வரி வரியாகப் படித்தார். புரியாத பக்கத்தை அடுத்த நாளும் படித்தார். தலைமை ஆய்வாளர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே இது உங்க பொறுப்பு" என்று சொன்னார். தலைமை ஆய்வாளரை எல்லோரும் மேடம் என்பார்கள். அதிகம் பேசாதவர். அவர் சொன்ன அந்த நாலு வார்த்தையை லைட்டக்கா நாலு தெருவுக்கும் சொல்லிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

இயந்திரம் செய்வது இதுதான். ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் விதையைக் கொட்டி உள்ளே வைத்தால், விளக்கிலிருந்து அகச்சிவப்பு ஒளி அதன்மேல் விழும். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. விதை அதில் கொஞ்சத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பும். திரும்பி வந்தது திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடாக விழும். விதைக்கு ஒன்றும் ஆகாது. எடுத்துப் போய் விதைத்தால் முளைக்கும்.

ஆனால் கோட்டைப் பார்த்து ஆன்டிஆக்சிடன்ட் எவ்வளவு என்று சொல்ல இயந்திரத்துக்குத் தானாகத் தெரியாது. கற்றுக்கொடுக்க வேண்டும். விதை தாராளமாக இருக்கிற ரகங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் முதலில் ஒளியில் காட்டி, பிறகு அதில் ஒரு பங்கை அரைத்து ஊதாக் கரைசலில் அளந்து, இந்தக் கோட்டுக்கு இந்த அளவு என்று கணினிக்குப் பழக்க வேண்டும். ஒரு குளிர்காலம் முழுக்க லைட்டக்கா அதைச் செய்தார். முடிவில் ஒளி சொன்னதும் கரைசல் சொன்னதும் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தின. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

அந்த வேலையை லைட்டக்கா செய்த நேர்த்திக்கு ஒரு முறை இருந்தது. அவர் சலவைக்கடை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். அந்த வீட்டில் எது மாறினாலும் ஒன்று மாறாது: வெள்ளைத் துணி முதலில், வெளிர் நிறம் அடுத்து, அழுத்தமான நிறம் கடைசியில். அந்தப் பழக்கம் கையோடு மாடியறைக்கும் வந்துவிட்டது. கறுப்பு விதையின் பொடி வெள்ளை விதைக் கிண்ணத்தில் துளிகூட விழக்கூடாது என்று, காலையில் வந்ததும் வெள்ளை ரகங்கள், பிறகு மஞ்சள், அப்புறம் சிவப்பு, மதியத்துக்கு மேல் கறுப்பு என்று வரிசை கட்டினார். வேலை தொடங்கும் முன் இயந்திரத்துக்கு ஒரு வெள்ளைச் சில்லைக் காட்ட வேண்டும். இதுதான் சுத்த வெள்ளை, இதை வைத்து மற்றதை அள என்று அதற்கு நினைவுபடுத்துவதற்காக. அதையும் தவறாமல் தினமும் காலையில் ஒரு தடவை செய்தார். அவர் மேசையைப் பார்க்கிறவர்கள் மூக்கில் விரலை வைப்பார்கள். ஒரு பொட்டுத் தூசி இருக்காது.

இனி வயலண்ணனைச் சொல்ல வேண்டும். நிலையத்தின் சோதனை வயலைப் பார்த்துக்கொள்கிற மேற்பார்வையாளர். ஆள் ஆஜானுபாகு, குரல் அதற்கு மேல். அந்தப் பருவத்தில் புது ரகங்களுக்கென்று வயலில் பத்து வரிசைதான் ஒதுக்க முடிந்தது. காத்திருந்த ரகங்களோ அறுபதுக்குப் பக்கம். ஒளி இயந்திரம் எந்தப் பத்தை மேலே காட்டுகிறதோ அவை மண்ணுக்குப் போகும். மற்றவை குளிர்பெட்டிக்குப் போகும். குளிர்பெட்டிக்குப் போன பொட்டலத்தை மறுபடி யார் நினைப்பது?

வயலண்ணனுக்கு அதில் ஒரு செல்லப்பிள்ளை இருந்தது. ஒரு மஞ்சள் ரகம். போன பருவத்தில் சூறைக்காற்று அடித்து வயலே பாய் விரித்தாற்போல் படுத்தபோது, இது மட்டும் அசையாமல் நின்றதாம்.

"தங்கச்சி, உன் மெஷின்கிட்ட சொல்லி வை. மஞ்சள் வரும், மரியாதையா நம்பர் போடணும்னு" என்பார் அவர், படியேறும்போதே.

"மெஷினுக்குச் சிபாரிசு எல்லாம் புரியாது அண்ணே. கீழ போய்க் களை எடுங்க."

அளவெடுப்பின் கடைசி நாள் அது. வெள்ளை, மஞ்சள், சிவப்பு எல்லாம் முடிந்து கறுப்பும் முடியப்போகிற நேரத்தில், வயலண்ணன் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். மஞ்சள் பொட்டலத்தைக் காயவைத்த தட்டிலேயே மறந்து விட்டுவிட்டாராம்.

"இது விட்டுப்போச்சுன்னா நான் இந்த ஊரை விட்டே போயிடுவேன்" என்றார்.

"போனா களைக்கெல்லாம் கொண்டாட்டம்தான். கொடுங்க இப்படி."

லைட்டக்கா கிண்ணத்தை வழக்கத்தைவிட இன்னொரு தடவை கழுவித் துடைத்தார். கறுப்புக்குப் பிறகு மஞ்சள் வைப்பது அதுதான் முதல் தடவை. உள்ளே வைத்து மூடினார். திரையில் எண் விழுந்தது. அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். மஞ்சள் விதை கறுப்பு ரகங்களோடு தோளுக்குத் தோள் நின்றது.

வயலண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!" என்று கத்தியதில் கீழ்த்தளத்தில் ஒருவர் தேநீரைக் கொட்டிக்கொண்டார். கடைக்கு ஓடி ஒரு பெரிய பிஸ்கட் பொட்டலம் வாங்கிவந்து அறை அறையாக நீட்டினார். மேடம்கூட ஒன்று எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை லைட்டக்கா வழக்கம்போலச் சலவைக்கடையில் இறங்கினார். கடை மூடும்வரை ஒரு கை கொடுப்பது வழக்கம். கணவர் போர்வை ஒன்றின் இரண்டு முனைகளை அவர் கையில் கொடுக்க, இருவரும் எதிரெதிரே நின்று மடித்தார்கள். கல்லாவில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். வாய் சும்மா இருக்காத ரகம்.

"என்ன அண்ணி, முகத்துல பல்பு எரியுது?" என்றார் நாத்தனார்.

லைட்டக்கா மஞ்சள் விதையின் கதையைச் சொன்னார். எண்ணைச் சொன்னபோது குரலில் பெருமை தெறித்தது.

கணவர் போர்வையை உதறினார். "மஞ்சளை எப்பப் போட்டே?"

"கடைசியா. கறுப்புக்கு அப்புறம்."

"அடிப்பாவி! கறுப்புக்கு அப்புறம் மஞ்சளா? சாயம் ஒட்டியிருக்கும்!"

நாத்தனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அண்ணா, அது விதை. வேட்டி இல்ல."

லைட்டக்காவும் சிரித்தார். கிண்ணத்தை எப்படிக் கழுவினேன் தெரியுமா, சாயம் என்று ஒன்று அங்கே கிடையாது என்று விளக்கினார். விளக்கிக்கொண்டிருக்கும்போதே பேச்சு தேய்ந்தது. சாயம் ஒட்டவில்லை, சரி. அப்படியானால் மற்ற மஞ்சள் ரகங்களெல்லாம் கீழே கிடக்க, இது மட்டும் எப்படி மேலே போனது? இது மட்டும் எதில் வேறு? காற்றில் நின்ற ரகம் என்பதாலா? அது தண்டின் பலம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேறு என்ன? வைத்த நேரம்தான் வேறு.

"என்னாச்சு? போர்வை தரையில படுது" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல" என்றார் லைட்டக்கா. கீழே தொங்கிய முனையைத் தூக்கிப் பிடித்தார்.

மறுநாள் காலையில் காவலாளி பூட்டைத் திறக்கும்போதே லைட்டக்கா அவருக்குப் பின்னால் நின்றார். விளக்கைப் போட்டு, வெள்ளைச் சில்லைக் காட்டிவிட்டு, அதே மஞ்சள் பொட்டலத்தை முதல் ஆளாக வைத்தார். எண் விழுந்தது. நேற்று உச்சியில் நின்ற மஞ்சள், இன்று அடியில் வெள்ளை ரகங்களோடு கிடந்தது. அதே விதை. அதே கிண்ணம்.

கறுப்பு ஒன்றைக் காலையிலேயே வைத்துப் பார்த்தார். அதுவும் சறுக்கியது. மதியம் வரை காத்திருந்து வெள்ளை ஒன்றை வைத்தார். அது ஜம்மென்று ஏறிவிட்டது.

லைட்டக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இப்போது எல்லாம் புரிந்தது. காலையில் அறை குளிர்ச்சி, விளக்கும் அப்போதுதான் எரியத் தொடங்கியிருக்கும். போகப் போக விளக்கின் உள்பாகம் சூடாகிறது, மேற்கு ஜன்னல் வழியாக வெயில் இறங்கி அறையும் விதையும் சூடாகின்றன. சூட்டில் விதைக்குள்ளிருக்கும் ஈரம் ஒளியை வேறு மாதிரி வாங்கும். காலையில் ஒரு தடவை காட்டிய வெள்ளைச் சில்லு மதியத்துக்கு உதவாது. இதெல்லாம் சின்னச் சின்ன மாற்றங்கள்தான், எந்த இயந்திரத்திலும் உள்ளவைதான். ஆனால் அவர் தினமும் ஒரே வரிசையில் வெள்ளையைக் காலையிலும் கறுப்பை மதியமும் வைத்தார். கறுப்பு ரகங்களில் உண்மையிலேயே ஆன்டிஆக்சிடன்ட் அதிகம். ஆகவே இயந்திரம் சுலபமான பாடத்தைப் படித்துக்கொண்டது: சூடு என்றால் அதிகம், குளிர் என்றால் குறைவு. குளிர்காலம் முழுக்க அவர் அதற்குப் பெரும்பாலும் கற்றுக்கொடுத்தது விதையை அல்ல, பொழுதை. அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியதன் ரகசியம் இதுதான். அவர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாரோ அவ்வளவுக்குத் தப்பும் ஒழுங்காக அமைந்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கறுப்பு மேலே, வெள்ளை கீழே என்ற பட்டியலைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. மஞ்சள் ஒன்று அதிசயமாக மேலே வந்ததும் எல்லோருக்கும் பிடித்துப்போயிருந்தது. அந்த வாரமே விதைப்பு. ஆனால் சொல்லாமல் விட்டால், காலையில் அளக்கப்பட்ட ஒரே பாவத்துக்காக எத்தனையோ நல்ல விதை குளிர்பெட்டிக்குள் போய்விடும். சொன்னாலோ ஒரு குளிர்கால உழைப்பு போகும், தன் பேரும் சேர்ந்து போகும். பிஸ்கட் நீட்டிய அந்த மனிதரின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அவர் எழுந்து நேராக மேடத்தின் அறைக்குப் போனார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"மேடம், பட்டியல் தப்பு. என்னோட தப்பு" என்று தொடங்கி, வெள்ளையிலிருந்து கறுப்புவரை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.

மேடம் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, "இது எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

லைட்டக்கா விரல் விட்டு எண்ணினார். "மூணு பேருக்கு. நீங்க, நான், மெஷின்."

மேடத்தின் உதடு லேசாக வளைந்தது. "மூணுல நீங்க ஒருத்தர்தான் வாயைத் திறந்திருக்கீங்க. நானும்தான் தினமும் பார்த்தேன். அவ்வளவு அழகாப் பொருந்தினப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். இந்த வேலையில எதுவும் அவ்வளவு அழகா வராது." அவர் நாற்காலியை நகர்த்தினார். "இப்ப என்ன செய்யலாம்? அதைச் சொல்லுங்க."

ஊதாக் கரைசல் சொன்ன அளவுகள் சரியானவைதான், அவற்றுக்குப் பொழுது தெரியாது. அந்த ரகங்களில் அரைக்காத மீதி விதை பத்திரமாக இருக்கிறது. ஒளியில் காட்டுவதை மட்டும் முதலிலிருந்து செய்தால் போதும் என்று லைட்டக்கா சொன்னார். விளக்கை அணைக்கவே கூடாது. ஜன்னலுக்குத் தடித்த திரை வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முன்னால் வெள்ளைச் சில்லைக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறவரிசை கூடாது. கலைத்துப் போட்டு அளக்க வேண்டும்.

"வயலுக்கு யார் சொல்றது?" என்றார் மேடம்.

"நானே சொல்றேன்."

வயலண்ணன் வாய்க்கால் ஓரம் நின்றிருந்தார். கேட்டதும் அவர் முகம் செத்துப்போனது. அடுத்த நொடி குரல் வந்தது.

"அப்ப நேத்து சாப்பிட்ட பிஸ்கட்?"

"அண்ணே..."

"இல்ல, கேக்குறேன். நீ ரெண்டு எடுத்தே. காலையில ஒரு வாய், மதியம் ஒரு வாய்னு பேசுற மெஷினை வெச்சுக்கிட்டு என் பிள்ளையைத் தூக்கி உச்சியில உக்கார வெச்சே. இப்ப காலை வாரி விடுறியே?"

"வாரி விட்டது நான்தான். அதான் நானே வந்தேன்."

"மண்ணுல ஈரம் இந்த வாரம் வரைக்கும்தான் நிக்கும். அப்புறம் நீ எந்த நம்பரைக் கொண்டு வந்தாலும் கல்லுலதான் விதைக்கணும்." அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

லைட்டக்கா மாடிக்குத் திரும்பினார். ஒரு வெள்ளைத்தாளைச் சீட்டுச் சீட்டாகக் கிழித்து, ஒவ்வொரு சீட்டிலும் ஒரு ரகத்தின் எண்ணை எழுதி, ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினார். சீட்டை எடுக்கக் கைவைத்தபோது வாசலில் நிழல் விழுந்தது. வயலண்ணன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"நீ எடுக்காதே. உன் கை வெள்ளையைத் தேடித்தான் போகும். பழக்க தோஷம்" என்றார். "நான் எடுக்கிறேன்."

"களை?"

"களை எங்கேயும் ஓடிடாது."

அந்த வாரம் அவர் சீட்டு எடுக்க, லைட்டக்கா அளந்தார். முதலில் கற்றுக்கொடுக்கிற ரகங்கள், அப்புறம் காத்திருக்கிற ரகங்கள். கறுப்புக்கு அடுத்து வெள்ளை, வெள்ளைக்கு அடுத்து சிவப்பு, மறுபடி கறுப்பு. வெள்ளைக்குமுன் கறுப்பு வரும்போதெல்லாம் லைட்டக்காவுக்குக் கை கூசும். பல்லைக் கடித்துக்கொண்டு கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவுவார். ஒவ்வொரு தடவையும் வெள்ளைச் சில்லு. வீட்டில் சமையல், கடை எல்லாவற்றையும் நாத்தனார் பார்த்துக்கொண்டார். "போங்க அண்ணி, உங்க விளக்குக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு எங்க அண்ணனுக்கு நீங்க எதுக்கு" என்று ஒரு குத்தும் வைத்துத்தான் பார்த்துக்கொண்டார். கணவரோ தான் விளையாட்டாகச் சொன்னதுதான் இத்தனைக்கும் ஆரம்பம் என்று தெரிந்ததும், துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் விதை ஆராய்ச்சியைப் பற்றி விளக்கத் தொடங்கிவிட்டார். அதில் பாதி தப்பு.

புதிய கணக்கு வந்தது. ஒளியும் கரைசலும் இந்த முறை அச்சில் வார்த்ததுபோல் பொருந்தவில்லை. அங்கங்கே விலகின. கறுப்பு ரகங்கள் பலவும் மேலேதான் நின்றன. ஆனால் சில கறுப்பு வெறும் தோற்றம்தான் என்று தெரிந்தது. சிவப்பில் மூன்று உள்ளே வந்தன. யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு வெளிறிய வெள்ளை ரகம் சத்தமில்லாமல் பத்தாவது இடத்தில் வந்து நின்றது. மஞ்சள் பதினொன்றாவது.

மேடத்தின் அறையில் மூவரும் நின்றார்கள். வயலண்ணன் பட்டியலைப் பார்த்தார். பதினொன்று என்ற எண்ணின்மேல் அவர் விரல் நின்றது. இந்த முறை கத்தவில்லை. "சரி. சீட்டை நானேதான் எடுத்தேன். யாரைச் சொல்ல?" என்றார். அந்தக் குரல் லைட்டக்காவுக்குக் கத்தலைவிடக் கஷ்டமாக இருந்தது.

லைட்டக்கா பட்டியலை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். "மேடம், ஒண்ணு சொல்லணும். ஒன்பது வரைக்கும் நான் உறுதியாச் சொல்வேன். ஆனா இந்தப் பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை இந்த மெஷினால சொல்ல முடியாது. ஒரே விதையை ரெண்டு தடவை வெச்சாலே இவ்வளவு முன்னபின்ன வரும். எண்ணு வந்துருக்கு, அதுக்காக அது உண்மையாயிடாது."

மேடம் தலையசைத்தார். "இது அண்ணனுக்காகச் சொல்றதா?"

"இல்ல மேடம். மஞ்சள் பத்துல இருந்து வெள்ளை பதினொண்ணுல இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்."

மேடம் அவரை உற்றுப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத முகம்தான் அது. "அப்ப ஒளி இதோட நிக்குது. இனி வயல் சொல்லட்டும்" என்று பட்டியலை வயலண்ணன் பக்கம் தள்ளினார்.

ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் அவர் "மஞ்சள்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடியிருப்பார். இப்போது தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். தன் செல்லத்துக்காக வாதாட எத்தனையோ இருந்தது. காற்றில் நின்றது, பயிர் சீராக விளைந்தது. வெள்ளையைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. தெரியாததுதான் இடித்தது.

"வரிசையை நடுவுல வெட்டிடலாம்" என்றார் கடைசியில். "பாதி மஞ்சள், பாதி வெள்ளை. காத்து ரெண்டு மேலயும் ஒரே மாதிரிதானே அடிக்கும்? பாவம், காலையில வந்தோம்னு ஒரு தடவை தோத்துப்போன விதை. அதுவும் மண்ணைப் பார்க்கட்டும்."

ஈரம் காய்வதற்குள் விதைப்பு நடந்தது. வேலையில் சேர்ந்ததிலிருந்து லைட்டக்கா வாய்க்காலைத் தாண்டி வயலுக்குள் கால் வைத்ததில்லை. அன்று வயலண்ணன் கீழேயிருந்து கூப்பிட்ட கூப்பாட்டில் இறங்கி வந்தார். பத்தாவது வரிசையின் நடுவில் ஒரு குச்சி நட்டிருந்தது. வயலண்ணன் ஒரு பக்கம் மஞ்சளைத் தூவிக்கொண்டு போனார். மறுபக்கத்துக்கான வெள்ளைப் பொட்டலத்தை லைட்டக்காவிடம் நீட்டினார்.

லைட்டக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தார். அந்த விதைகளை அவர் எத்தனை தடவை ஒளியில் வைத்திருப்பார்! ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றுகூட அரைபடவில்லை. விரலிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு போனார். வழியில் ஓரிடத்தில் தாராளமாகவே விழுந்துவிட்டது.

"பார்த்துப் போடு தங்கச்சி. ஒரே இடத்துல கொட்டினா ஒண்ணையொண்ணு தின்னுடும்" என்றார் வயலண்ணன்.

"ஆழம் போதுமா அண்ணே?"

"போதும். மூடு."

அவர் இரண்டு கையாலும் மண்ணை இழுத்து மூடினார். நிமிர்ந்தபோது நகக்கண்ணெல்லாம் மண். அதைத் துடைக்காமலே அடுத்த அடிக்கு நகர்ந்தார். வயலண்ணன் தண்ணீரைத் திறந்துவிடப் போனார்.